கோலில் நின்றவர் பெயர் என்ன?

ஒரு சின்னக் கேள்வி. 1962ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கியது. இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தார்கள். கோல் போட்டவர்கள் யார் என்று கேட்டால் ஃபுட்பால் பைத்தியங்கள் பி.கே.பானர்ஜி, ஜர்னெயில் சிங் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். கேப்டன்? சுனி கோஸ்வாமி. கோச்? சையது அப்துல் ரஹீம். சரி, கோலில் நின்றவர் யார்?

இங்கேதான் ரொம்பப் பேர் முழிப்பார்கள். இத்தனைக்கும் அது ஒரு தமிழ்ப் பெயர். பீட்டர் தங்கராஜ்.

பெயர் கேள்விப்படாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராத, டிவியில் காட்டாத, ஒரு தெருவுக்கோ மைதானத்துக்கோ வைக்காத பெயர் எப்படித் தெரியும்? கோல்கீப்பர் என்ற ஆளை இந்த நாடு எப்படி மறக்கிறது, எப்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள தங்கராஜை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

1930களின் நடுவில் ஹைதராபாத்தில் பிறந்தவர். அங்கே உள்ளூர் கிளப்பில் ஆட ஆரம்பித்தபோது அவர் கோல்கீப்பரே இல்லை, சென்டர் ஃபார்வர்டு! கோல் போடுகிற ஆள். 1950களின் தொடக்கத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் இருக்கிறதே மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், அந்த அணிக்கு ஆடினார். அங்கேதான் கோலுக்குள் போய் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கைகள், அரை மைதானத்தைத் தாண்டுகிற உதை. இப்படி ஒரு ஆள் கோலுக்குள் நின்றால் எதிரணிக்குக் கோல் போஸ்ட் சின்னதாகத் தெரியாதா?

1955ல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. 1958ல் மறுபடியும் ஜெயித்தது. டூரண்ட் கோப்பை 1888ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. அதை நீலகிரியில் இருக்கும் ஒரு ராணுவ அணி நான்கு வருடத்தில் இரண்டு முறை தூக்கிக்கொண்டு வந்தது. 1960ல் சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியை வாங்கியபோதும் அவர் இருந்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் வந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான். அந்த அணியில் இருந்த இரண்டு கோல்கீப்பர்களில் தங்கராஜ் ஒருவர், இன்னொருவர் எஸ்.எஸ்.நாராயண். 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் தங்கராஜ் உண்டு. 1958ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் கிடைத்தது. 1962ல் ஆசிய தங்கம். அறுபதுகளில் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அந்த ஊரில் இரண்டு பக்கமும் வேண்டும் என்று கூப்பிட்ட ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும்!

1967ல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்வு. அப்புறம் கோச். கடைசியில் பொகாரோ இரும்பாலை நகரத்தில் தங்கி, அங்கே பையன்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். 2008 நவம்பரில் அங்கேயே இறந்துபோனார்.

அவ்வளவுதான். இந்த நாடு அவருக்குக் கொடுத்த பெரிய மரியாதை 1967ல் தொடங்கி 1967லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பத்தொரு வருடம் உயிரோடு இருந்தார்.

இப்போது அதே ஜகார்த்தா ஃபைனலுக்குப் போகலாம். தேதி 4 செப்டம்பர் 1962. செனயான் ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது, கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. காரணம் அரசியல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்குக் கூப்பிடவில்லை, அதை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி கேள்வி கேட்டார், உள்ளூர்க்காரர்கள் கொதித்துவிட்டார்கள். குரூப் ஆட்டத்தில் இதே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றிருந்தது. தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னெயில் சிங்கை ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். ஃபைனலுக்குக் காய்ச்சலிலிருந்து மீண்டு வந்த தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்தார்.

பதினேழாவது நிமிடம் பானர்ஜி கோல். இருபதாவது நிமிடம் ஜர்னெயில் கோல். தென்கொரியா கோல் போட்டது எண்பத்தைந்தாவது நிமிடத்தில். இது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது.

சரி, இருபதுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் அறுபத்தைந்து நிமிடம் இருக்கிறதே, அதில் என்ன நடந்தது? இரண்டு கோல் பின்தங்கிய ஒரு அணி, கூட்டமே தன் பக்கம் கத்தும்போது, சும்மா நின்றிருக்குமா? பந்து எத்தனை முறை கோலை நோக்கி வந்திருக்கும்? எத்தனை முறை இரண்டு கைகள் குறுக்கே வந்திருக்கும்? ஸ்கோர் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. கோல் விழுந்தால் நிமிடத்தோடு, பெயரோடு பதிவாகும். கோல் விழாமல் தடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கும்.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஃபார்வர்டின் நல்ல நாள் என்பது ஏதோ ஒன்று நடந்த நாள். கோல்கீப்பரின் நல்ல நாள் என்பது ஒன்றுமே நடக்காத நாள். நடந்ததைத்தான் எழுதுவார்கள், நடக்காததை யார் எழுதுவார்கள்? ஆனால் அவர் கையிலிருந்து ஒரு பந்து நழுவினால் போதும், அது மட்டும் பெயரோடும் நிமிடத்தோடும் வந்துவிடும்.

ஃபைனலில் ஆடியவர்களுக்கு அப்புறம் என்ன கிடைத்தது என்று வரிசையாகப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பானர்ஜிக்கு 1961ல் அர்ஜுனா, 1990ல் பத்மஸ்ரீ, 2004ல் ஃபிஃபாவின் விருது. கோஸ்வாமிக்கு 1963ல் அர்ஜுனா, 1983ல் பத்மஸ்ரீ, 2020 ஜனவரியில் அவர் உயிரோடு இருக்கும்போதே தபால்தலை. இரண்டு பேரும் இந்த மரியாதைக்குத் தகுதியானவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. கோலில் நின்றவருக்கு அர்ஜுனாவோடு சரி. ஃபுட்பால் கோல்கீப்பர் ஒருவர் பத்மஸ்ரீ வாங்கியதைப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவாவின் பிரம்மானந்த் சங்க்வால்கர் அவர். அவரும் ஆடி முடித்துப் பல வருடம் ஆன பிறகுதான்.

"கோல்கீப்பர் என்றாலே உலகம் முழுக்க இதே கதைதான், இந்தியாவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?" என்று கேட்கலாம். பாதி உண்மை. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் ரஷ்யாவின் லெவ் யாஷின், அதுவும் 1963ல். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அது கிடைக்கவில்லை. (1956 மெல்போர்னில் தங்கம் வாங்கிய சோவியத் அணியின் கோலில் நின்றவரும் யாஷின்தான். தங்கராஜ் போன அதே ஒலிம்பிக்!)

மீதிப் பாதிக்கு ஈரானைப் பார்க்க வேண்டும். ஐரோப்பா வேண்டாம், இங்கே ஆசியாவிலேயே பார்க்கலாம். நாசர் ஹெஜாசி என்ற கோல்கீப்பர் 1972, 1976 இரண்டு ஆசியக் கோப்பைகளை ஈரானுக்கு ஜெயித்துக்கொடுத்த அணியில் இருந்தவர், 1978 உலகக் கோப்பையிலும் ஆடியவர். ஓய்வு பெற்ற பிறகு மக்கள் அவரை மறக்கவில்லை. 2005ல் ஜனாதிபதி தேர்தலுக்கே மனு கொடுத்தார், அவரை நிற்க விடவில்லை என்பது வேறு விஷயம். 2011ல் அவர் இறந்தபோது தெஹ்ரானின் ஆசாதி ஸ்டேடியத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். அவருக்கு அடுத்த தலைமுறையில் அகமத்ரெசா அபெத்சாதே. 1990 ஆசிய விளையாட்டு ஃபைனலில் பெனால்டியில் வடகொரியாவை ஜெயித்தபோது கோலில் நின்றவர். 1998 உலகக் கோப்பையில் அமெரிக்காவை 2-1 என்று ஈரான் தோற்கடித்தபோது கேப்டனும் அவரே. ஆசியாவின் கழுகு என்று ஊரே கூப்பிடுகிறது.

அங்கேயும் ஆட்டம் ஒன்றுதான், விதி ஒன்றுதான், கோல்கீப்பரின் வேலையும் ஒன்றுதான். ஆனால் ஜனங்களுக்குப் பெயர் தெரிகிறது. அப்படியென்றால் மறதி அந்த வேலையின் தலையெழுத்து இல்லை. அது ஊரின் பழக்கம்.

இந்தியாவின் பழக்கத்துக்கு இன்னொரு சாட்சி ஹாக்கியில் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் மாவ் ஊர்க்காரர் சங்கர் லட்சுமண். 1956, 1960, 1964 என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக் ஃபைனலில் இந்தியாவின் கோலில் நின்றார். மூன்றுமே பாகிஸ்தானுக்கு எதிராக. முதலாவது 1-0 வெற்றி, இரண்டாவது 0-1 தோல்வி, மூன்றாவது 1-0 வெற்றி. மூன்று ஃபைனலில் அவர் விட்ட கோல் ஒன்றே ஒன்று! அர்ஜுனாவும் வாங்கினார், பத்மஸ்ரீயும் வாங்கினார். ஆனால் 2006ல் கால் அழுகும் நோயோடு, கஷ்டத்தில்தான் இறந்தார். விருது அலமாரியில் இருந்தது, ஆளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே பத்ம விருது கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை.

அதே ஹாக்கியில் நிலைமை மாறியதும் கண் முன்னால் நடந்திருக்கிறது. கேரளாவின் ஸ்ரீஜேஷ். டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி வினாடி பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலம் வாங்கிக்கொடுத்தார், கேல் ரத்னா கிடைத்தது. 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். சீனியர் அணியில் அவருடைய 16ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. 2025ல் பத்மபூஷண். ஒரு கோல்கீப்பருக்கு இவ்வளவு!

தங்கராஜுக்கும் ஸ்ரீஜேஷுக்கும் என்ன வித்தியாசம்? திறமை என்று சொல்ல முடியாது. இரண்டு காரணம் தெரிகிறது.

முதல் காரணம் கேமரா. ஸ்ரீஜேஷ் தடுத்ததைக் கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள், ரீப்ளே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அவர் கோல் போஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்த படம் எல்லா பேப்பரிலும் வந்தது. தங்கராஜ் 1962ல் தடுத்ததை அந்த ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். அந்த அணியின் பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020ல் போய்விட்டார்கள், துளசிதாஸ் பலராம் 2023ல் போய்விட்டார். பார்த்தவர்களும் கூட ஆடியவர்களும் போகப் போக அந்தக் கைகளும் மறைந்துகொண்டே வருகின்றன.

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்ரீஜேஷுக்குக் கேரளா இருக்கிறது. சங்க்வால்கருக்கு கோவா இருக்கிறது. கோஸ்வாமிக்கு வங்காளம் இருக்கிறது. தங்கராஜுக்கு யார் இருக்கிறார்கள்? பிறந்தது ஹைதராபாத், ஆடக் கற்றுத் தேறியது நீலகிரி ராணுவ முகாம், புகழ் பெற்றது கல்கத்தா, இறந்தது பொகாரோ, பெயரோ தமிழ். இத்தனை ஊருக்குச் சொந்தமான ஆள் கடைசியில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டார். ஹைதராபாத்காரர்கள் ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்று விட, ராணுவம் வங்காளத்தில் ஆடியவர் என்று விட, வங்காளம் வெளியூர்க்காரர் என்று விட... பத்து பேர் இருக்கிற வீட்டில் பாட்டிக்கு யாரும் சோறு போடாத கதைதான்.

விருதுக்குச் சிபாரிசு, பென்ஷனுக்குக் கடிதம், மைதானத்துக்குப் பெயர் எல்லாமே மாநிலம் மாநிலமாகத்தான் நகர்கின்றன. ஓய்வு பெற்ற சர்வதேச வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் திட்டம் கொண்டுவந்ததே 1994ல். ஜகார்த்தா தங்கத்துக்கும் அதற்கும் முப்பத்திரண்டு வருட இடைவெளி! ஒரு மாநிலம் "இவர் எங்க ஆளு" என்று எழுந்து நின்று சொல்லாவிட்டால் ஃபைல் நகராது.

"அவர் வேலையில் இருந்தார், கோச்சாக இருந்தார், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை, அவரே கேட்காத மரியாதைக்கு இப்போது எதற்கு இவ்வளவு கவலை?" என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி. ஆனால் மரியாதை என்பது வாங்குகிறவருக்கு மட்டுமான விஷயம் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சின்னப் பையனுக்கும் சேர்த்துத்தான். பழையசீவரம், வாலாஜாபாத் பக்கம் மட்டும் இல்லை, எந்த ஊர் மைதானத்திலும் அணி பிரிக்கும்போது நடப்பது ஒன்றுதான். நன்றாக ஓடுகிறவன் முன்னால் ஆடுவான். குண்டாக இருக்கிறவன், ஓட முடியாதவன், இல்லாவிட்டால் எல்லாரையும் விடச் சின்னவன், "நீ போய் கோல்ல நில்லுடா" என்று அனுப்பப்படுவான். அது வேலை இல்லை, தண்டனை. அந்தப் பையனுக்கு "ஆசியாவிலேயே பெஸ்ட்னு பேர் வாங்கின தங்கராஜ் நின்ன இடம்டா அது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? இந்திய ஃபுட்பால் கோல் போட ஆள் இல்லை என்று அழுகிறது. தடுக்க ஆசைப்படுகிற பையன்களும் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

இந்த வட்டாரத்துக்குப் பதிவு செய்து வைப்பது ஒன்றும் புதிது இல்லை. பழையசீவரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கிட்டத்தட்ட 950 வருடத்துக்கு முந்தையது. கோயிலோடு சேர்ந்து நடந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அது சொல்கிறது. பதினைந்து படுக்கை. வைத்தியர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அதோடு நிற்கவில்லை. அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், தண்ணீர் கொண்டுவருகிறவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் என்ன சம்பளம் என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி விளக்குக்கு எண்ணெய் கூடக் கணக்கில் உண்டு.

ராஜா ஜெயித்த போரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நோயாளிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது என்று வெட்டச் சொன்னவருக்குத் தெரிந்திருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்ததும் இதே மண்தான். எழுதினால்தான் இருக்கும், எழுதாவிட்டால் போய்விடும் என்ற இந்த எளிய விஷயம் பத்தாம், பதினோராம் நூற்றாண்டில் புரிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஃபுட்பாலுக்குத்தான் புரியவில்லை.

2024ல் ரஹீமைப் பற்றி மைதான் என்று ஒரு ஹிந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் நடித்தார், இசை ஏ.ஆர்.ரஹ்மான். அந்தப் படத்தால் 1962 அணியைப் பற்றி ஒரு தலைமுறைக்குக் கொஞ்சம் தெரிந்தது, தங்கராஜும் அதில் ஒரு பாத்திரமாக வந்தார். நல்லது. ஆனால் சினிமா தயவில் ஞாபகம் வைத்துக்கொள்வது ஒரு நாட்டுக்குப் பெருமை இல்லை. படம் தியேட்டரை விட்டுப் போனதும் ஞாபகமும் கூடவே போய்விடும்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. பத்ம விருதை இறந்தவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை, அதனால் அந்த வண்டி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். தபால்தலை வெளியிடலாம், அதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வருடா வருடம் முதலமைச்சர் கோப்பை நடக்கிறது, மாவட்டம் மாவட்டமாகப் பையன்களும் பெண்களும் வந்து ஃபுட்பால் ஆடுகிறார்கள். அதில் சிறந்த கோல்கீப்பருக்கு ஒரு தனிப் பரிசு வைத்து, அதற்கு பீட்டர் தங்கராஜ் பெயரை வைக்கலாம். கோப்பைக்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியை டூரண்ட் கோப்பை வரை கொண்டுபோன ஆள் "எங்க ஆளு" என்று தமிழ்நாடு சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. வந்தால் இன்னும் நல்லது, ஹைதராபாத்தும் கல்கத்தாவும் போட்டி போட்டுக்கொண்டு மரியாதை செய்யட்டும்!

இன்னொன்று அதை விட முக்கியம். பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் சிலர் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ரயில்வேயில், போலீஸில், துறைமுகத்தில், ராணுவத்தில் ஆடி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த வருடம், எந்த மேட்ச், எந்தப் பந்தை எப்படிப் பிடித்தார் என்று கேட்டு எழுதி வைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலேஜ் பசங்க ஒரு லீவில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

கோல் போட்டவர் பெயர் எப்படியும் ஸ்கோர் ஷீட்டில் இருக்கும். தடுத்தவர் பெயரை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.